பிரேக் கொக்கியில் கட்டிய சிவப்புத் துணி

அண்ணி,

இன்று காலை ரோட்டோரக் கீழ்க்கொல்லையை உழுது முடித்து வண்டியை வரப்போரம் நிறுத்தினேன். கால் வைக்கும் தகரத்தில் மண்ணோடு மண்ணாக ஒரு துண்டுத் துணி கிடந்தது. விரல் நீளம்கூட இல்லை. அது சிவப்பு என்று எனக்குத் தெரியும், வேறு யார் பார்த்தாலும் கறுப்பு என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு எண்ணெயும் தூசியும் குடித்திருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன். பிரேக் கொக்கியில் நீங்கள் கட்டி வைத்த துணி. இத்தனை வருடம் கெட்டியாக இருந்துவிட்டு இன்றைக்குத்தான் அறுந்து விழுந்திருக்கிறது.

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. வருட திதியன்று எல்லோரும் அழுதபோது நான் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இந்தக் கந்தலைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை அணைக்காமலே சீட்டில் உட்கார்ந்து அழுதேன். டீசல் போகுதுங்க தம்பி என்று நீங்கள் சொல்வது போல இருந்தது. பிறகுதான் அணைத்தேன்.

உங்களிடம் சொல்லாமலே விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நேரில் சொல்லத் துப்பில்லாதவன் இப்போது எழுதுகிறேன். திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் எழுதப் போவதில்லை. ஆனாலும் முதலிலிருந்து வரிசையாகப் போனால்தான் எனக்குச் சொல்ல வரும். காருக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் மிதி ஒன்றுதான். டிராக்டருக்கு மட்டும் வலது காலடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்று இடது சக்கரத்துக்கு, மற்றது வலது சக்கரத்துக்கு. உழும்போது கொல்லை மூலையில் சட்டென்று திருப்ப வேண்டுமானால் ஒரு பக்கத்து மிதியை மட்டும் அழுத்துவோம். அந்தச் சக்கரம் நின்றுகொள்ளும், வண்டி நின்ற இடத்திலேயே வளைந்துகொள்ளும். ரோட்டில் அந்த வித்தை ஆகாது. ரோட்டுக்கு ஏறும் முன்னால் இரண்டு மிதியையும் ஒரு கொக்கியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். சின்ன இரும்புப் பட்டைதான். மாட்டினால் ‘டக்’ என்று சத்தம் வரும். மாட்டாமல் போய், அவசரத்துக்கு மிதித்தால் கால் ஒரு மிதியில் மட்டும் விழும். வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த மத்தியானம், நான் மாட்டவில்லை.

நிலக்கடலை போடக் கீழ்க்கொல்லையை உழுது முடித்திருந்தோம். ரோட்டைத் தாண்டி மேல்கொல்லைக்குப் போக வேண்டும். இருநூறு அடிகூட இருக்காது. வண்டியை நான் ஓட்டினேன். அண்ணன் இடது பக்க மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தானே உட்காருவோம். டிராக்டருக்கு ஒரே சீட்டு என்று கம்பெனிக்காரன் முடிவு செய்தால், நம் ஊர்க்காரன் இரண்டு மட்கார்டையும் சேர்த்து மூன்று சீட்டாக்கிக்கொள்வான். அண்ணன் மொரப்பூர் டீக்கடையில் யாரோ பேசியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நானும் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். மேடேறித் தார் ரோட்டில் திரும்பி நாலு கெஜம் போயிருப்போம், வளைவில் எதிரே டவுன் பஸ் வந்தது. மிதித்தேன். கால் வலது மிதியில் மட்டும் விழுந்தது. வண்டி நேரே பஸ்ஸின் மூஞ்சியைப் பார்த்துத் திரும்பியது.

பஸ் டிரைவர் கெட்டிக்காரர். கை எட்டும் தூரத்தில் நிறுத்திவிட்டார். நானும் எப்படியோ நிறுத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மட்கார்டில் அண்ணன் இல்லை. ரோட்டோர மைல்கல்லின் மேல் இடுப்பு மோத விழுந்து கிடந்தார். கத்தவில்லை. “கால அசைக்க முடியலடா” என்று மட்டும் சொன்னார். அந்த பஸ்ஸிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம்.

தருமபுரி ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் வந்து இறங்கியபோது ஊரே உங்களோடு வந்திருந்தது. “என்னாச்சுங்க தம்பி?” என்று கேட்டீர்கள். அத்தனை பேர் முகமும் என்னைப் பார்த்தது. என் வாயில் ஒரு நாய் வந்தது.

“நாயி குறுக்க வந்துருச்சுங்க அண்ணி. ஒடிச்சுத் திருப்பிட்டேன்.”

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். ஆனால் ஊர் அந்த நாயை விடவில்லை. ஒரு வாரத்தில் அதற்கு நிறம் வந்துவிட்டது. கறுப்பு நாய் என்றார்கள். காலனி முக்கில் அது படுத்திருந்ததைத் தாம் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வெறி பிடித்ததாக்கும் என்றார் இன்னொருவர். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பொய் சொல்வதில் ஒரு வசதி, முதல் வரியை மட்டும் நாம் சொன்னால் போதும், மிச்சத்தை ஊரே எழுதிக்கொள்ளும்.

அண்ணனுக்கு இடுப்பில் கம்பி வைத்தார்கள். தடி ஊன்றி நடப்பார், இனி டிராக்டர் ஏறி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நானோ வண்டிப் பக்கமே போகவில்லை. கொட்டகையில் அது நின்ற பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மொரப்பூரில் ஒரு உரக்கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்துகொண்டேன். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவேன். வாடகை டிராக்டர்காரன் எல்லோருக்கும் உழுது முடித்துவிட்டுத்தான் நம் கொல்லைக்கு வந்தான். அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. அந்தப் போகம் போனது போனதுதான்.

அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நாள் உரக்கடைக்கே வந்து நின்றீர்கள். கையில் ஒரு மஞ்சள் பை. கடைக்காரர் உங்களை உரம் வாங்க வந்தவர் என்று நினைத்துப் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

“தம்பி, எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க” என்றீர்கள்.

“எந்த வண்டிங்க?”

“நம்ம வூட்ல எத்தன வண்டி நிக்குது? டிராக்டருதான்.”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. மஞ்சள் பையிலிருந்து டிரைவிங் ஸ்கூலில் கொடுத்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினீர்கள். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு. “பாடம் நான் படிச்சுட்டேன். மிதிக்கறதும் திருப்பறதும் மட்டும் நீங்க காட்டுனாப் போதும்.”

மாட்டேன் என்றுதான் சொன்னேன். நீங்கள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். ஒரு லோடு முழுக்க இறக்கி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தீர்கள். கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. “போய்யா, அந்தம்மாவக் கூட்டிக்கிட்டுப் போ” என்று என்னைத் துரத்தினார்.

கொட்டகையில் வண்டி ஏறியதும்தான் அந்தத் துணியை முதல்முறை பார்த்தேன். பளிச்சென்ற சிவப்பு, நைலக்ஸ் புடவையின் கரை. கொக்கியின் துளையில் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டிருந்தது.

“இது என்னங்க அண்ணி?”

“கொக்கி மாட்டலன்னா கீழ தொங்கிக் கால்ல தட்டும். மாட்டிட்டா மேல போயிரும். நெனப்பு வரட்டும்னு கட்டனதுங்க” என்றீர்கள்.

புதிதாகப் பழகப் போகிறவர், தனக்குத் தானே அடையாளம் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு வண்டி ஓட்டக் காட்டிக் கொடுத்த கதையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்ஸ்காரர் ஒருவர் உட்கார வேண்டும் என்று உங்கள் புத்தகத்தில் இருந்தது. டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. நான் மட்கார்டில் ஏறப் போனேன். “எறங்குங்க” என்றீர்கள். அதுவரை நீங்கள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. “அதுல இனி ஒருத்தரும் உக்காரக் கூடாது. நான் ஓட்டினாலும் சரி, நீங்க ஓட்டினாலும் சரி.”

அப்புறம் எப்படிப் பழகுவது? ரோட்டுக்கே போக வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள். ராகி அறுத்த கொல்லையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஒரு ரோடு உண்டாக்கினீர்கள். வளைவு, மேடு, முச்சந்தி எல்லாம் அதில் உண்டு. வளைவில் ஓட்டைப் பானை ஒன்றைக் கவிழ்த்து அதுதான் மைல்கல் என்றீர்கள். என்னைப் பார்த்து, “நீங்க பஸ்ஸு” என்றீர்கள்.

நான் எதிரே கோட்டோரமாக ஓடி வர வேண்டும். “பஸ்ஸு வருது” என்று கத்த வேண்டும். நீங்கள் இரண்டு மிதியையும் சேர்த்து அழுத்தி வண்டியை நேராக நிறுத்த வேண்டும். முதல் தடவை ஓடி வந்தவன் அந்தப் பானையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வாயே திறக்கவில்லை. நீங்கள் மெதுவாக வண்டியை நிறுத்தி, “தொண்ட கட்டிக்கிச்சுங்களா?” என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினீர்கள். குடித்தேன். மறுபடி ஓடினேன். இரண்டாம் தடவை கத்தினேன், ஊருக்கே கேட்கிற மாதிரி. அடுத்த கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்து, உரக்கடை வேலை இவனுக்கு மூளையைக் கலக்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

டெஸ்ட்டுக்குப் போன நாள் அதைவிட வேடிக்கை. தருமபுரி வரைக்கும் வண்டியை நான்தான் ஓட்டிப் போக வேண்டும். நீங்கள் மட்கார்டில் உட்கார மாட்டீர்கள். அதனால் நான் டிராக்டரில் போனேன், நீங்கள் டவுன் பஸ்ஸில் வந்தீர்கள். வழியில் என்னை முந்திப் போகும்போது ஜன்னலில் கை நீட்டி, இடது பக்கம் ஒதுங்கிப் போகச் சொல்லிச் சைகை காட்டினீர்கள். பஸ்ஸே சிரித்தது. மைதானத்தில் அதிகாரி என் கையில் பேப்பரைக் கொடுத்து “ஏறு” என்றார். “நானில்லைங்க சார், அவங்க” என்றேன். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்து, ஏறி உட்கார்ந்து, முதலில் கீழே குனிந்து கொக்கியை மாட்டினீர்கள்.

‘டக்’.

அதிகாரி என்னிடம், “நாப்பது பேருக்கு டெஸ்ட் வச்சா முப்பத்தெட்டு பேரு இத மறந்துட்டுதான்யா ஏறுவான்” என்றார். எனக்குக் காது சுட்டது.

அதற்கப்புறம் நீங்கள் ரோட்டில் ஓட்டிய வருடங்கள்! ஊரில் உங்களுக்கு வைத்த பேர் உங்களுக்கே தெரியும். ‘ஆர்டிஓ அம்மா.’ டிரெய்லரின் முதுகில் சிவப்பு, மஞ்சள் ஸ்டிக்கரை வரிசையாக ஒட்டி வைத்தீர்கள். கரும்பு லோடு ஏற்றினால் ஸ்டிக்கரைக் கரும்புத் தோகை மறைக்கிறதா என்று இறங்கிப் பார்த்து, அரிவாளால் தோகையைக் கழிப்பீர்கள். மழை பெய்த அன்று கொல்லையிலிருந்து ஏறினால் ரோட்டோரம் நிறுத்தி, மண்வெட்டியால் டயர் மண்ணைச் சுரண்டிய பிறகுதான் கிளம்புவீர்கள். அந்த மண் தார் ரோட்டில் விழுந்தால் டூவீலர்காரன் வழுக்கி விழுவான் என்பீர்கள். நான் வரப்பில் நின்று, “மாட்டக் கழுவற மாதிரி வண்டியக் கழுவறீங்களே” என்று கிண்டல் செய்வேன். “மாடாச்சும் தானாப் பாத்து ஒதுங்கும்” என்பீர்கள்.

ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு சீட்டுக்கு அடியில் கட்டி வைத்திருந்தீர்கள். அரூர் ரோட்டில் ஒரு நாள் போலீஸ்காரர் நிறுத்தினார். நான் பின்னால் டிவிஎஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினீர்கள். டிரெய்லருக்குத் தனிப் பேப்பர் இருக்கிறதா என்று அவர் கேட்பதற்குள் அதையும் நீட்டினீர்கள். அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்கள் விடவில்லை. “அந்தத் தம்பி டிவிஎஸ்ஸுல ஹெல்மெட் போடலைங்க சார்” என்று என்னைக் காட்டிக் கொடுத்தீர்கள். கூடப் பிறந்த தம்பி போல இருக்கிற கொழுந்தனை இப்படிச் செய்யலாமா? ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. நீங்கள் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. எட்டாம் நாள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது ஹெல்மெட் இருந்தது.

பதினெட்டாம் பெருக்கு விஷயம்தான் பெரிசு. ஆடிப் பதினெட்டுக்குத் தென்பெண்ணைக்குப் போவதென்றால் நம் ஊரில் டிராக்டர்தான். டிரெய்லருக்குள் வைக்கோல் பரப்பி, அறுபது பேர் நின்றும் உட்கார்ந்தும் பாடிக்கொண்டு போவது வழக்கம். அந்த வருடம் நம் வண்டி முறை. விடிகாலையில் பெரியப்பா தலைமையில் எல்லோரும் மஞ்சள் துணி கட்டி வந்து நின்றார்கள். நீங்கள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றீர்கள்.

“ஏம்மா, போன வருசம் வரைக்கும் பொட்டியிலதான போனோம்?” என்றார் பெரியப்பா. டிரெய்லரை அவர் எப்போதும் பொட்டி என்றுதான் சொல்வார்.

“மாமா, கரும்பு ஏத்தறேன், எரு ஏத்தறேன், குச்சிக்கெழங்கு ஏத்தறேன். ஆளு மட்டும் ஏத்த மாட்டேனுங்க. சாமி சாமானம், பானை, வெறகு, அரிசி எல்லாம் குடுங்க. பத்தரமாக் கொண்டாந்து சேத்தர்றேன். நீங்க பஸ்ஸுல வாங்க.”

“பொம்பள ஓட்டற வண்டியில ஏறலாமான்னு நாங்க யோசிச்சுக்கிட்டு வந்தா, நீ எங்கள ஏத்த மாட்டேங்கறயா?”

“ஆமாங்க மாமா.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். குரல் உயரவில்லை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் யாரோ, “அன்னிக்கு அந்தக் கறுப்பு நாயி வந்ததுல இருந்து இந்தம்மாவுக்குப் பயம் புடிச்சுருச்சு” என்றார்கள். நீங்கள் டிரெய்லரில் பானைகளை வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். திரும்பாமலே சொன்னீர்கள்: “அந்த நாயப் பாவம், எதுக்கு இழுக்கறீங்க? அது என்ன பண்ணுச்சு?”

உங்கள் முகத்தைப் பார்க்க முயன்றேன். நீங்கள் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஊர் பஸ்ஸில் போனது. நீங்கள் பானைகளோடும் இரண்டு ஆட்டுக் கிடாவோடும் டிராக்டரில் போனீர்கள். மனுசனைவிட ஆடு உசத்தியாகிவிட்டதா என்று ஆற்றங்கரையில் எல்லோரும் கேட்டார்கள். பெரியப்பா உங்களோடு பேசவேயில்லை, நீங்கள் இருந்தவரை. ஆனால் உங்கள் காரியத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களை ரயிலடியிலிருந்து கூட்டிவர மினி பஸ் பிடித்தது அவர்தான். டிராக்டரை அனுப்பலாமே என்று ஒருவன் சொன்னதற்கு அடிக்கவே போய்விட்டார்.

உங்களைக் கொண்டுபோனது ரோடும் இல்லை, வண்டியும் இல்லை. வயிற்றுக்குள் சத்தமில்லாமல் வளர்ந்த கட்டி. கடைசி மாதம் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தீர்கள். ஒரு நாள் மத்தியானம் அண்ணன் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நீங்களும் நானும் மட்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று தோன்றியது. கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“அண்ணி, அன்னிக்கு அந்த நாயி...”

நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். பிறகு, “கரும்பு லோடு நாளைக்குத்தானுங்களே? டிரெய்லருல ஒரு ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு, ஒட்டிருங்க” என்றீர்கள்.

சரிங்க என்று எழுந்துவிட்டேன். தப்பித்தோம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக என்னை நானே இன்றுவரை செருப்பால் அடித்துக்கொள்கிறேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். துணியைக் கையில் பொத்திக்கொண்டு வண்டியைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தடி சுவரில் சாய்ந்திருந்தது. துணியை அவர் முன்னால் நீட்டினேன்.

“அறுந்துருச்சுண்ணா. அண்ணி வண்டி பழகறதுக்குக் கட்டனது.”

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழகறதுக்கா? இத அவ எப்பக் கட்டனா தெரியுமாடா?”

“லைசென்ஸு எடுக்கறதுக்கு முன்னாடி.”

“நான் ஆஸ்பத்திரியில படுத்த மூணாம் நாளு. ரோட்டோரம் நின்ன வண்டிய எடுத்தாரப் பக்கத்து வூட்டுக்காரரக் கூட்டிக்கிட்டுப் போனா. சாயங்காலம் என்னைப் பாக்க வர்றப்ப புடவக் கரை கிழிஞ்சு தொங்குது. என்னாச்சுடின்னு கேட்டேன். கொக்கி மாட்டாமத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, அதுல கட்டிட்டு வந்தேன்னு சொன்னா.”

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள். அப்போது நீங்கள் டிராக்டர் ஓட்டுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. நம் வீட்டில் அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தார். இன்னொருவன் நான்.

“யாருக்குக் கட்டனன்னு கேட்டேன்” என்றார் அண்ணன். “தம்பி மறுபடி ஏறுவாருல்ல, அப்பக் கால்ல தட்டட்டும்னு சொன்னா. நீ உரக்கடைக்குப் போயிட்ட. மாசக் கணக்கா வண்டிய எட்டிப் பாக்கல. அதுக்கப்பறம்தான் அந்தப் பொஸ்தகத்த வாங்கியாந்தா. நான் ஓட்டறேன்னு போய் நின்னாத்தான் இவரு கொட்டகைக்கு வருவாருன்னா.”

“அப்ப உனக்கும் தெரியுமாண்ணா?”

“தெரியாம என்ன? மட்கார்டுல உக்காந்திருந்தவன் நானு. மேடேர்றப்ப டக்குன்னு சத்தம் வரல. சொல்லணும்னு வாயெடுத்தேன். அந்த டீக்கடைக் கதைய முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்.” ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். “நானும்தான் சொல்லல.”

“அப்புறம் ஏண்ணா நாயின்னு சொன்னப்ப ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்க?”

“அவதான் வேண்டாம்னா. ஊரு முன்னால ஒரு வார்த்த சொன்னா அவரு அப்பறம் ஆயுசுக்கும் ஸ்டேரிங் புடிக்க மாட்டாரு, அவரா ஒரு நாளைக்குச் சொல்லட்டும்னா.”

அவராக ஒரு நாளைக்கு. பத்து வருடம் காத்திருந்தீர்களா, அண்ணி? கட்டிலில் கிடந்த அன்று நான் ஆரம்பித்ததும் ஏன் ஸ்டிக்கர் பேச்சை எடுத்தீர்கள்? என் வாய் நடுங்கியதைப் பார்த்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டீர்களா? கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. அது மட்டும்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் தடியை ஊன்றி உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிவப்பு நைலக்ஸ் புடவையைக் கொண்டு வந்தார். ஒரு ஓரத்தில் கரை கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலோடு அதை நீங்கள் எத்தனையோ தடவை கட்டியிருக்கிறீர்கள். கிழிசல் தெரியாமல் உள்ளே செருகிக் கட்டியிருப்பீர்கள் போலிருக்கிறது, எனக்குத்தான் கண் இல்லை. அதே கிழிசலுக்குப் பக்கத்தில் பல்லால் கடித்து, இன்னொரு துண்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். கிழிக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கொல்லைக்குத் திரும்பி வந்து கொக்கியின் துளையில் அதைக் கோத்தேன். உங்களைப் போலவே இரட்டை முடிச்சு. வண்டியைக் கிளப்பி ரோட்டு மேட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தினேன். கீழே தொங்கிய துணி கணுக்காலில் தட்டியது. குனிந்து கொக்கியை மாட்டினேன்.

அங்கேயே, அந்த மைல்கல்லுக்கு எதிரே, வாய்விட்டுச் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

“நாயி எதுவும் வரலைங்க அண்ணி. நான்தான் கொக்கி மாட்டல.”

பிறகு இரண்டு பக்கமும் பார்த்தேன். டவுன் பஸ் ஒன்று வந்தது, அதைப் போக விட்டேன். இரண்டு மட்கார்டும் காலியாக இருக்க, இடது ஓரமாக வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

உங்கள்
தம்பி